ஊர்ப்பெயரும் தலபுராணமும்: மும்பைச் சான்றுகள் இரண்டு

ஊர்ப்பெயர் ஒன்றிற்குத் தலபுராணம் தரும் விளக்கத்தைச் சொற்பிறப்பியல் சான்றாக ஏற்கலாமா என்பது ஊர்ப்பெயராய்வில் அடிக்கடி எழும் வினா. ஒலிமாற்ற விதிகளோடு பொருந்துமாயின் அதனை ஏற்கலாம். பொருந்தாதாயின் ஏற்றல் இயலாது. மும்பை நகரின் சயான், வாலுகேசுவரம் என்னும் இரு பெயர்களைக் கொண்டு இக்கருத்தை விளக்கலாம்.

தமிழர் மிகுதியாக வாழும் தாராவி, மாதுங்கா ஆகியவற்றை அடுத்துள்ள சயானுக்கு மராத்தியில் 'சீவ்' என்பது பெயர். ஆங்கில எழுத்தில் இது சிவன் பெயரைப் போலவே எழுதப்படுவதால், சிவன் கோயிலோடு இப்பெயரை இணைத்துக் கருத இடமுண்டு. ஆனால் மராத்திச் சொல்லில் உள்ளது நெட்டுயிர், பொருள் 'எல்லை'. 'சீமா' என்னும் வடசொல்லின் இடைநிலை மகரம் மராத்தியில் வகரமாகும். 'கிராம' என்பது 'காவ்' எனவும், 'நாம' என்பது 'நாவ்' எனவும் திரிந்தமை இதற்கு ஒப்பு. வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் மும்பைக்கும் போர்த்துக்கீசியரின் சால்செட்டுக்கும் இடைப்பட்ட எல்லை இவ்விடமே. 1669-க்கும் 1677-க்கும் இடையில் ஆங்கிலேயர் இங்குக் கோட்டை எழுப்பினர்.

மலபார்க் குன்றின் வாலுகேசுவரர் கோயில் இதற்கு மறுதலையானது. சீதையைத் தேடிவந்த இராமன், இலக்குவன் காசியிலிருந்து கொணரவேண்டிய இலிங்கம் வரத் தாழ்ந்தமையால், மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டான் என்பது தலபுராணம். நீர் வேட்கை தணிய அவன் அம்பு எய்த இடமே பாணகங்கைத் தீர்த்தம் என்பர். 'வாலுகா' என்பது மணலைக் குறிக்கும் வடசொல். உயிரிடை லகரம் மராத்தியில் ளகரமாதலும் இடையுயிர் கெடுதலும் இயல்பாதலின், 'வாள்கேசுவர்' என்னும் மராத்தி வடிவம் விதிக்குப் பொருந்துகிறது.

எனினும், ஒலிவிதி மெய்ப்பிப்பது பெயரில் மணல் உண்டு என்பதை மட்டுமே, கதையை அன்று. இராமேசுவரத்திலும் அனுமன் வரத் தாழ்ந்தமையால் சீதை மணலிலிங்கம் அமைத்ததாகவும், வில்லூன்றித் தீர்த்தத்தில் இராமன் வில்லால் நன்னீர் வருவித்ததாகவும் கூறுவர். இரு கடற்கரைகளிலும் ஒரே கதைக்கூறுகள் வழங்குவதால், கதை பரவி அவ்வவ்விடத்துப் பெயரோடும் நீர்நிலையோடும் இயைந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

அதனால் தலபுராணம் பயனற்றது எனல் ஆகாது. அயலார் வரவு கண்டு மணலிலிங்கம் கடலுள் பாய்ந்தது என்றொரு வழக்கும் உண்டு. போர்த்துக்கீசியர் காலத்தில் அழிவுற்ற அக்கோயிலை 1715-இல் இராமா காமத்தி என்னும் வணிகர் மீண்டும் எழுப்பினார் என்பர். சொற்பிறப்புக்குச் சான்றாகாத கதை, ஓர் இழப்பின் நினைவுக்குச் சான்றாகிறது.

இவ்விரு பெயர்களுக்கும் தமிழ் தரும் துணை குறிப்பிடத்தக்கது. தமிழ் கடனாகப் பெற்ற 'சீமை' பழைய மகரத்தையும் 'வாலுகம்' பழைய லகரத்தையும் காத்துள்ளன. மராத்தி திரித்து வழங்குவதைத் தமிழ் பழைய வடிவிலேயே வைத்திருக்கிறது. எனவே மொழிபெயர்ப்பாளர் ஆங்கில எழுத்தைப் பின்பற்றாது மராத்தி வடிவை நோக்கி எழுதுதல் வேண்டும். 'சீவ்' என்பதைச் 'சிவ்' என எழுதின், இல்லாத கோயில் ஒன்று ஊர்ப்பெயருள் புகுந்துவிடும். 'வாள்கேசுவர்' என்பதை 'வால்கேஸ்வர்' என எழுதின், மராத்தி ளகரம் மறைந்துவிடும்.