மலேசியக் காற்பந்தின் பொற்காலம்

கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம் மலேசிய மக்களின் நினைவில் இரு நிகழ்ச்சிகளுக்காக நிலைத்து நிற்கிறது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நாட்டின் விடுதலை அங்கேதான் முழங்கப்பட்டது. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், மலேசியக் காற்பந்துக் குழு தென்கொரியாவை வென்று, மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றதும் அங்கேதான். முதல் நிகழ்ச்சியைப் பாடநூல்கள் விரிவாகக் கூறுகின்றன. இரண்டாவது நிகழ்ச்சியோ, வெற்றியாக முடிந்தும் பயன் தராமற்போன ஒன்று. அவ்வெற்றியின் பெருமையை உணர வேண்டுமாயின், அதற்கு முந்திய கால் நூற்றாண்டின் உழைப்பை அறிதல் வேண்டும்.

தொடக்கமும் வளர்ச்சியும்

இம்மண்ணுக்குக் காற்பந்தாட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1921ஆம் ஆண்டில் இங்கு வருகை புரிந்த ‘மலாயா’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்தோர் வெற்றிக்கிண்ணம் ஒன்றை அன்பளிப்பாக வழங்கினர். அதுவே மலாயா கிண்ணப் போட்டியாக உருப்பெற்றது. மாநிலங்களும் சிங்கப்பூரும் அதில் மோதின. ஆண்டுதோறும் நடைபெற்ற அப்போட்டி, ஊர்தோறும் ஆட்டக்காரர்களை உருவாக்கும் பயிற்சிக் களமாயிற்று.

விடுதலை பெற்ற ஆண்டிலேயே மெர்டேக்கா காற்பந்துப் போட்டி தொடங்கியது. நாட்டின் முதற்பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானே காற்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். அயல்நாட்டுக் குழுக்களைக் கோலாலம்பூருக்கு அழைத்து, அவற்றோடு தம் நாட்டுக் குழுவை மோதவிட்டது தொலைநோக்குடைய செயலாகும். வலியாரோடு மோதாதவன் வலிமை பெறுவதில்லை. முதலாண்டில் ஹாங்காங் கிண்ணத்தை வென்றது. 1958, 1959ஆம் ஆண்டுகளில் மலாயா வென்றது. 1960இல் தென்கொரியாவுடன் அதனைப் பகிர்ந்துகொண்டது.

1961இல் ரங்கூனில் நடைபெற்ற தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் மலாயா தங்கப் பதக்கம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அப்போட்டியில் பிலிப்பீன்சை 15-1 என்னும் கோல் கணக்கில் முறியடித்ததே இக்குழுவின் மிகப்பெரிய வெற்றியாக இன்றும் குறிக்கப்படுகிறது.

மியூனிக் சென்ற குழு

1971ஆம் ஆண்டில் சோல் நகரில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று நடைபெற்றது. ஜப்பான் 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்ற நாடு. தென்கொரியாவோ தன் சொந்த மண்ணில், தன் மக்கள் முன்னிலையில் ஆடிய குழு. இவ்விரண்டையும் மலேசியா கடந்து செல்லும் என எதிர்பார்த்தவர் மிகச் சிலரே. எனினும் ஜப்பானை 3-0 எனவும், தென்கொரியாவை 1-0 எனவும் மலேசியா வீழ்த்தியது. கொரியாவுக்கு எதிரான அந்த ஒற்றைக் கோலைத் தலையால் முட்டிப் புகுத்தியவர் சைட் அகமது.

1972இல் மியூனிக் நகருக்குச் சென்ற மலேசியக் குழுவின் தலைவர் மு. சந்திரன் என்னும் தமிழர். உலக அரங்கில் நாட்டின் காற்பந்துக் குழுவுக்குத் தமிழர் ஒருவர் தலைமை தாங்கிச் சென்றமை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும். அங்கே மேற்கு ஜெர்மனியிடம் 0-3 எனத் தோற்ற மலேசியா, அமெரிக்காவை 3-0 என வென்றது. மொரோக்கோவிடம் 0-6 எனத் தோற்று நாடு திரும்பியது. தோல்வியின் அளவை மறைப்பது வரலாறு ஆகாது. ஆனால் ஒலிம்பிக் களத்தில் பெற்ற அந்த ஒரு வெற்றியையும் மறத்தலாகாது.

அடுத்து வந்த ஆண்டுகளே பொற்காலத்தின் நடுப்பகுதி எனலாம். 1973, 1974, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் மெர்டேக்கா கிண்ணம் மலேசியாவின் கைக்கு வந்தது. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வடகொரியாவை 2-1 என வென்று மீண்டும் வெண்கலம் பெற்றது. 1977, 1979ஆம் ஆண்டுகளின் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றது.

இக்காலத்து ஆட்டக்காரருள் மூவரைத் தனித்துக் குறிப்பிடல் வேண்டும். தாக்குதல் ஆட்டக்காரர் மொக்தார் டஹாரி நாட்டிற்காக 89 கோல்கள் அடித்தவர். 1978இல் இங்கிலாந்தின் ‘பி’ குழுவுக்கு எதிராக அவர் அடித்த கோல், ஆட்டத்தை 1-1 எனச் சமநிலையில் முடித்தது. தற்காப்பு அரணாக நின்ற சோ சின் ஆன், 190க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் நாட்டின் சட்டையை அணிந்தவர். கோல் காவலர் ஆறுமுகமோ, தம் நீண்ட கைகளின் வீச்சால் ‘ஸ்பைடர்மேன்’ என்று மக்களால் அழைக்கப்பட்டவர். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்னும் இம்மூவருக்கும் திடலில் நோக்கம் ஒன்றே; எழுந்த ஆரவாரமும் ஒன்றே.

கைக்கு எட்டியது

1980ஆம் ஆண்டின் தகுதிச் சுற்று கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியாவே எதிரில் நின்றது. இருதரப்பும் ஒவ்வொரு கோலுடன் சமநிலையில் இருக்க, ஆட்டம் முடியும் தறுவாயில் ஹசான் சானி பந்தைக் கடத்திக் கொடுத்தார். ஜேம்ஸ் வோங் அதனைக் கோலாக்கினார். இவ்விருவரும் சபா மாநிலத்தவர். கடலுக்கு அப்பாலிருந்து வந்த இரு இளைஞரின் கால்களால் நாட்டின் வெற்றி உறுதியாயிற்று. 2-1 என்னும் அந்த முடிவைக் கண்டு அரங்கமே அதிர்ந்தது.

எனினும் அக்குழு மாஸ்கோ செல்லவில்லை. 1979ஆம் ஆண்டு டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அவ்வொலிம்பிக் போட்டியைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. மலேசியா விட்டுச்சென்ற இடத்தில் ஈராக் ஆடியது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதன்பின் நடந்த ஒலிம்பிக் போட்டி எதற்கும் மலேசியக் காற்பந்துக் குழு தகுதி பெறவில்லை. ஆகவே அந்த ஆட்டக்காரர்கள் இழந்தது ஒரு பயணத்தை மட்டுமன்று. ஒரு தலைமுறைக்கே கிட்டிய வாய்ப்பையாகும்.

பின்வந்த காலம்

வெற்றிகள் அத்துடன் அற்றுப்போயின எனக் கூறுதல் பொருந்தாது. 1989இல் தென்கிழக்காசியத் தங்கம் மீண்டும் கிடைத்தது. முன்னாள் தேசிய ஆட்டக்காரரான கே. ராஜகோபாலின் பயிற்சியில் 2009இல் இளையோர் குழு அத்தங்கத்தை வென்றது. 2010இல் தேசியக் குழு, இரு ஆட்டங்களிலும் சேர்த்து இந்தோனேசியாவை 4-2 என வென்று, தென்கிழக்காசியக் காற்பந்துக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. ஆயினும் 2015இல் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-10 எனத் தோற்றதும் இதே நாட்டின் குழுதான். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்ததே விளையாட்டு வரலாறு.

பொற்காலத்து வீரர்களுள் ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். மொக்தார் டஹாரி 1991இல், தம் முப்பத்தேழாம் வயதில், நரம்பு நோயால் உயிர்நீத்தார். 1980ஆம் ஆண்டுக் குழுவின் கதையைத் தழுவி 2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ என்னும் திரைப்படம், அவர்களை அறியாத தலைமுறைக்கு அவர்களை நினைவூட்டியது.

ஒலிம்பிக் பதிவேட்டைப் புரட்டினால், 1980ஆம் ஆண்டுக் காற்பந்துப் பட்டியலில் மலேசியாவின் பெயர் இராது. பதிவேடு ஆடியவர்களையே கூறும். ஆடும் உரிமையை உழைத்துப் பெற்றவர்களைக் கூறாது. அவ்வுரிமை மெர்டேக்கா அரங்கின் புல்தரையில், தக்க எதிரியை வென்று பெறப்பட்டது. பட்டியல் விட்டதை நினைவில் வைத்து அடுத்த தலைமுறைக்குச் சொல்லித் தருவது, வரலாறு கற்பிப்போர் அனைவரின் கடமையாகும்.