ஒரு கூடை, இரண்டு கணக்கு

1984ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள கேட்ஸ்ஹெட் நகரில், ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயது மூதாட்டி தம் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, கையிலிருந்த ரிமோட்டின் பொத்தான்களை அழுத்தி, டெஸ்கோ கடையிலிருந்து மூன்று பொருள்களைக் கேட்டு வாங்கினார். மார்ஜரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை. இணையவழி மளிகையின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்தச் சிறு பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் தொலைக்காட்சியையும் தொலைபேசிக் கம்பியையும் இணைத்து 1979இல் அமைத்த முறையைக் கொண்டு, வெளியே நடமாட இயலாத முதியோருக்காக அவ்வூர் நகராட்சி நடத்திய ஏற்பாடு அது. இதில் என்னைக் கவர்ந்த செய்தி வேறொன்று. பொருள் வீட்டு வாசலுக்கு வந்தபின், பணத்தை அவர்கள் ரொக்கமாகவே கொடுத்தார்கள். கேட்பது கம்பி வழியே நடந்தது. கொடுப்பது கைக்குக் கை நடந்தது. ஆகவே ஒரே முட்டைக்கு இரண்டு முறை பணம் போய்விடும் என்ற அச்சத்திற்கு அங்கே இடமில்லை.

அந்த அச்சம் இன்று நம்மில் பலருக்குப் பழகிப்போன ஒன்று. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று கூடையை நிரப்பி, அட்டை எண்ணை இட்டு, பொத்தானை அழுத்துகிறோம். திரை சற்று நேரம் சுழல்கிறது. 'கோரிக்கை நிறைவேறவில்லை, மீண்டும் முயலவும்' என்கிறது. மீண்டும் முயல்கிறோம். பொருள் ஒரு முறைதான் வருகிறது. ஆனால் கணக்கில் இரண்டு தொகைகள் முடங்கிக் கிடக்கின்றன. கடையைக் கேட்டால், 'நாங்கள் ஒரு முறைதான் பெற்றோம்' என்கிறார்கள். வங்கியைக் கேட்டால், 'கடைதான் இரண்டு முறை கேட்டது' என்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் இரு தரப்பும் சொல்வது உண்மை. இரண்டு உண்மைகளுக்கு நடுவே ஒருவருடைய பணம் காணாமற்போவது எப்படி என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது.

கடன் என்பது இரண்டு நினைவுகளுக்கு இடையிலான ஒப்பந்தம். கொடுத்தவர் நினைவும் வாங்கியவர் நினைவும் ஒத்துப்போக வேண்டும். ஐரோப்பாவில் இதற்குக் கண்ட வழிகளுள் அழகானது வெட்டுக்குறிக் கட்டை. ஒரு குச்சியில் தொகைக்கேற்பக் குறிகளை வெட்டி, பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வார்கள். இங்கிலாந்து அரசின் கருவூலம் இம்முறையைப் பல நூற்றாண்டுகள் கையாண்டது. 12ஆம் நூற்றாண்டின் கருவூல நூலொன்று, ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கையின் கனம், நூறுக்குக் கட்டைவிரலின் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் என்று வெட்டின் அளவுகளையே வரையறுத்திருக்கிறது. பிரான்சில் ரொட்டிக் கடைக்காரர்களும் அவர்களிடம் கடனுக்கு வாங்குவோரும் இதையே செய்தார்கள். ரொட்டி வாங்கும்போது இரண்டு பாதிகளையும் சேர்த்துவைத்து ஒரே வெட்டாக வெட்டுவார்கள். 1804இல் வந்த நெப்போலியன் சட்டத் தொகுப்பின் 1333ஆம் பிரிவு, சில்லறையாகப் பொருள் கொடுத்து வாங்குவோரிடையே இக்கட்டைகள் சாட்சியமாகச் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. நம் ஊர்களில் கடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இருந்த பற்று நோட்டுகளும் இதே குலத்தைச் சேர்ந்தவைதாம்.

இந்த முறையின் வலிமை எங்கே இருக்கிறது? வெட்டும் கணத்தில் இரண்டு பாதிகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒரு பாதியில் மட்டும் கூடுதலாக ஒரு வெட்டு விழுந்தால், அடுத்த முறை சேர்த்துவைத்ததுமே தெரிந்துவிடும். கணக்கின் இரு பாதிகளும் ஒன்றையொன்று காணாத தொலைவுக்குப் போன பிறகுதான் நம் கதை தொடங்குகிறது.

1958 செப்டம்பர் 18 அன்று, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே, பேங்க் ஆஃப் அமெரிக்கா கடன் அட்டைகளை அஞ்சலில் அனுப்பிவைத்தது. திட்டத்தை வகுத்தவர் ஜோசப் வில்லியம்ஸ். மக்கள் நாணயத்தின்மீது அவர் வைத்திருந்த நம்பிக்கை சற்று அதிகம். தவணை தவறியவர்களும் திருட்டு அட்டைகளும் பெருகி, வங்கி பெரும் நட்டப்பட்டு, அடுத்த ஆண்டே அவர் பதவி விலகினார். அக்காலத்தில் குறிப்பிட்ட தொகைக்குள் அடங்கும் விற்பனைக்குக் கடைக்காரர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்து அனுமதி பெற வேண்டும். கூடவே, செல்லாத அட்டைகளின் எண்கள் அச்சிட்ட பட்டியலையும் புரட்டிப் பார்க்க வேண்டும். வெளியூர் வங்கியின் அட்டை என்றால் உள்ளூர் வங்கி அந்த வங்கியை அழைக்கும், வாடிக்கையாளர் நிற்பார், அவருக்குப் பின்னால் வரிசையும் நிற்கும்.

இந்தக் காத்திருப்பை ஒழித்தவர் டீ ஹாக். பிற்காலத்தில் விசா எனப் பெயர் மாறிய அமைப்பின் தலைவராக அவர் இருந்தபோது, 1973இல், வங்கிகளின் கணினிகளை இணைத்து அனுமதி கேட்கும் வலையமைப்பைத் தொடங்கினார். பல நிமிடங்கள் பிடித்த வேலை ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது. அவ்வனுமதியின் தன்மையை இங்கே கவனிக்க வேண்டும். 'இவரிடம் இவ்வளவு பணம் இருக்கிறதா? இருந்தால் எனக்காக ஒதுக்கி வையுங்கள். பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்று கடை கேட்கிறது. 'சரி' என்கிறது வங்கி. பணம் அந்தக் கணத்தில் கைமாறுவதில்லை. பின்னொரு நாளில்தான் கணக்குத் தீர்க்கப்படுகிறது. இடைப்பட்ட நாள்களில் அத்தொகை வாடிக்கையாளருக்கும் இல்லை, கடைக்கும் இல்லை. ஆங்கிலத்தில் இதை ஹோல்ட் என்கிறார்கள். தமிழில் நிலைத்த சொல் இன்னும் அமையவில்லை. 'பிடித்தம்' என்றால் சம்பளப் பிடித்தம் நினைவுக்கு வந்துவிடும். அது போனது போனதுதான். இதுவோ போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. 'நிறுத்திவைப்பு' என்று இங்கே வைத்துக்கொள்கிறேன்.

1987இல் இச்செய்திகளுக்கு ஐஎஸ்ஓ 8583 என்ற பன்னாட்டு இலக்கணம் வகுக்கப்பட்டது. அனுமதி கேட்பதற்கு 0100 என்று ஓர் எண், மறுமொழிக்கு 0110, கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்கு 0400. ஒவ்வொரு செய்திக்கும் ஆறு இலக்க அடையாள எண் ஒன்றும் உண்டு. இலக்கணம் செம்மையானதுதான். ஆனால் 0100 போய்ச் சேர்ந்து, வங்கி தொகையை நிறுத்திவைத்து, 0110 வழியிலேயே தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குக் கணினியியலில் ஒரு புகழ்பெற்ற கதை இருக்கிறது. 1975இல் அக்கொயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூவர் ஒரு கட்டுரையில் முன்வைத்த சிக்கல் அது. 1978இல் ஜிம் கிரே அதை இரு தளபதிகளின் புதிராக்கிப் பெயரிட்டார். இரண்டு குன்றுகளில் இரண்டு படைகள். நடுவே பள்ளத்தாக்கில் பகைவர். இரு படைகளும் ஒரே நேரத்தில் தாக்கினால் வெற்றி. தனித்துத் தாக்கினால் அழிவு. செய்தி சொல்லத் தூதன் பள்ளத்தாக்கைக் கடந்தாக வேண்டும், அவன் பிடிபடலாம். 'விடியலில் தாக்குவோம்' என்று முதல் தளபதி சொல்லி அனுப்புகிறார். அது சேர்ந்ததா என்று அவருக்கு உறுதி வேண்டும். மற்றவர் 'சேர்ந்தது' என்று மறுதூது விடுகிறார். அந்த மறுதூது சேர்ந்ததா என்று இப்போது அவருக்கு உறுதி வேண்டும். எத்தனை தூது விட்டாலும், கடைசித் தூதை அனுப்பியவர் அது சேர்ந்ததா என்று அறியாமலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்படி அறியாமலேயே முடிவெடுக்கலாம் என்றால் அந்தக் கடைசித் தூது தேவையற்றது. அதை நீக்கினால் அதற்கு முந்தியதும் தேவையற்றதாகும். இப்படியே போனால் தூதே இல்லாமல் உறுதி பெற முடியும் என்றாகிவிடும். அது நடவாது. ஆகவே முழு உறுதி இயலாது என்பது நிறுவப்பட்ட முடிவு. தூது என்ற சொல்லின்மீது சங்கம் தொட்டே பெருநம்பிக்கை வைத்துப் படித்தும் பயிற்றுவித்தும் வந்த எனக்கு, இதை முதலில் படித்தபோது சற்றுச் சங்கடமாகவே இருந்தது.

கடையும் வங்கியும் அந்த இரு தளபதிகள். மறுமொழி வராத கடைக்கு இரண்டு வழிகளே உண்டு. அனுமதி கிடைத்ததாகக் கொண்டு பொருளை அனுப்பலாம். கிடைக்கவில்லை எனக் கொண்டு மீண்டும் கேட்கலாம். முதல் வழியில் தவறினால் நட்டம் கடைக்கு; இரண்டாவதில் தவறினால் தொல்லை வாடிக்கையாளருக்கு. கடைகள் எதைத் தேர்ந்தெடுத்தன என்று சொல்லத் தேவையில்லை. பழைய அடையாள எண்ணோடு திரும்பக் கேட்டிருந்தால் வங்கி இனம் கண்டிருக்கும். புது எண்ணோடு கேட்கும்போது வங்கியின் கண்ணுக்கு அது இன்னொரு கூடை. 0400 அனுப்பலாமே என்றால், அதுவும் பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டிய தூதன்தான்.

எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒரு முறைக்குரியதாகவே இருக்கும்படி வேண்டுகோளை அமைப்பதே இதற்கு நெடுநாளாக அறியப்பட்ட மருந்து. கூடைக்கு ஒரு நிலையான எண்ணை இட்டு, அதே எண் மறுபடி வந்தால் பழைய விடையையே தர வேண்டும். இப்பண்புக்கு ஆங்கிலக் கணிதம் பயன்படுத்தும் பெயரை 1870இல் பெஞ்சமின் பியர்ஸ் தம் இயற்கணித நூலில் படைத்தார். ஆயினும் கடை, இடைநிலை நிறுவனம், கடையின் வங்கி, அட்டை அமைப்பு, வாடிக்கையாளரின் வங்கி என்று நீளும் சங்கிலியில் ஒரு கண்ணி அந்த எண்ணை மறந்தாலும் போதும்.

மளிகைக்கு இன்னொரு தனிச்சிக்கலும் உண்டு. புத்தகமோ சட்டையோ விலை குறித்து வருவது. காயும் மீனும் நிறுத்த பிறகுதான் விலை தெரியும். கேட்ட ரொட்டி இல்லையென்றால் வேறு ரொட்டி வரும். எனவே செவ்வாயன்று கேட்டு வியாழனன்று வரும் கூடைக்கு, கடை ஓர் உத்தேசத் தொகையை நிறுத்திவைக்கிறது. எடைபோட்ட பிறகு சரியான தொகைக்குப் புதிதாக அனுமதி கேட்பதும் உண்டு. பழையதை உடனே விடுவிக்காவிட்டால் இரண்டும் சேர்ந்து நிற்கும். அமெரிக்காவில் முகவரிச் சரிபார்ப்பு என்று ஒன்றும் இருக்கிறது. வங்கி தொகையை நிறுத்திவைத்து, 'முகவரி பொருந்தவில்லை' என்றும் ஒரு குறிப்பு அனுப்பும். அதைக் கண்டு கடை விற்க மறுக்கும். வாங்குபவர் முகவரியைத் திருத்தி மூன்று முறை முயன்றால் மூன்று நிறுத்திவைப்புகள். பொருள் ஒன்றும் இல்லை.

இம்முறை கடன் அட்டைக் காலத்தில் பிறந்தது என்பதே என் பார்வையில் முக்கியம். கடன் அட்டையில் நிறுத்திவைப்பால் குறைவது இன்னும் வாங்காத கடனின் வரம்பு. 1990களில் அதே தடத்தில் டெபிட் அட்டைகள் அமெரிக்காவில் பெருகியபோது, இந்தப் பழக்கமும் கூடவே வந்தது. இப்போது நிறுத்திவைக்கப்படுவது ஒருவருடைய சம்பளம். கணக்கில் நிறைய வைத்திருப்பவர் கவனிக்கக்கூட மாட்டார். மாதக் கடைசியில் எண்ணி வைத்திருப்பவருக்கோ, ஒரு கூடையின் இரட்டைத் தொகையால் வாடகைக்குக் கொடுத்த காசோலை திரும்பும். திரும்பியதற்கு வங்கி கட்டணமும் போடும். இரு தளபதிகளின் போரில் அடிபடுவது பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்.

இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. இணையவழி அட்டை வாங்கலில் கணக்கிலிருந்து பணம் கழிந்து, கடைக்கு உறுதிச்செய்தி சேராமற்போனால், ஐந்து நாள்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் புகாருக்குக் காத்திராமல். தூது தொலைவதைச் சட்டத்தால் தடுக்க முடியாது. தொலைந்த நாள்களின் செலவை யார் ஏற்பது என்று சொல்ல முடியும். அதை இது சொல்லியிருக்கிறது.

வரலாறு படிப்பவனாக ஒன்று உறுத்துகிறது. 1834 அக்டோபர் 16 அன்று, பயனற்றுப்போன கருவூலக் கட்டைகளை எரிக்கப்போய் இங்கிலாந்தின் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்தது. அவ்வளவுக்கும் பிறகு, எஞ்சிய கட்டைகள் அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. வெட்டுகளை விரலால் தடவிப் பார்த்து யார் எவ்வளவு கொடுத்தார் என்று சொல்லிவிடலாம். இரட்டை நிறுத்திவைப்பு காலாவதியானதும் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. மாத முடிவில் வரும் கணக்கறிக்கையில் ஒரு கூடைக்கு ஒரு தொகைதான் இருக்கும்.