மெட்டும் மில்லிமீட்டரும்

தஞ்சை வீணையை எந்திரத்தில் செதுக்க முடியுமா? மேசைமேல் வைத்து இயக்கும் சிறிய சி.என்.சி. எந்திரங்கள் பொழுதுபோக்குத் தச்சர்களின் கைக்கு வந்துவிட்ட இந்நாளில் இக்கேள்வி எளிதாக எழுகிறது. விடை சொல்லுமுன் வீணையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1550இல் இராமாமாத்தியர் இயற்றிய சுரமேளகலாநிதி இருவகை வீணைகளைப் பேசுகிறது. ஒன்றில் குறிப்பிட்ட இராகத்துக்குரிய மெட்டுகள் மட்டுமே. மற்றதில் எல்லா இராகங்களுக்கும் பொதுவான மெட்டுகள். இரண்டாவதே நிலைத்தது. ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக, இரு ஸ்தாயிகளுக்கு 24 மெட்டுகளை நிலையாக அமைத்த பெருமையை, ஏறத்தாழ 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கருக்கு மரபு வழங்குகிறது. அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி வகுத்த 72 மேளங்களும் இந்தப் பன்னிரண்டு சுரத்தானங்களின் மேல் எழுந்தவையே.

ஆனால் ‘நிலையாக’ என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாளவேண்டும். மெட்டுகள் மரத்தில் அறையப்படுவதில்லை. தண்டியின் மேல் கரையாக எழுப்பிய, கரி கலந்த தேன்மெழுகில் பதிக்கப்படுகின்றன. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மேருவுக்கும் குதிரைக்கும் இடையே தந்தி 80 செ.மீ. என்று கொள்வோம். குதிரையிலிருந்து அளந்தால் பஞ்சமம் 53.3 செ.மீ. தொலைவிலும், மேல் ஷட்ஜம் 40இலும், அதற்கடுத்த ஷட்ஜம் 20இலும் விழும். 40இல் நேரும் 1 மி.மீ. பிழை, ஒலிக்கும் தந்தியில் 400இல் ஒரு பங்கு. 20இல் அதுவே 200இல் ஒரு பங்கு. ஒரே பிழை மேலே போகையில் செவிக்கு இருமடங்காகிறது. தவிர, விரல் அழுத்தும்போது தந்தியின் இழுவிசை கூடிச் சுருதி சற்று ஏறும். நீளக்கணக்கு இதை அறியாது. எனவே ஆசாரி, மெழுகு இளகியிருக்கையில் செவியால் கேட்டு மெட்டை நகர்த்தி நிறுத்துகிறார். இதுவே மேளம் கட்டுதல். நாளடைவில் மெழுகு மாறுகையில் மீண்டும் கட்டவேண்டும்.

இனி எந்திரத்துக்கு வருவோம். எண்களால் இயங்கும் மில்லிங் எந்திரத்தை எம்.ஐ.டி. 1952இல் இயக்கிக் காட்டியது. ஹெலிகாப்டர் சுழலிதழ்களைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸின் தேவை அதன் தொடக்கம். 2009இல் வெளிவந்த ஜிஆர்பிஎல் என்ற திறந்தமூல நிரலும் ஆர்டுயினோ பலகையும் அவ்வித்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தன. ஆயினும் புதிதாகப் பூட்டிய எந்திரம், சுருதி சேர்க்காத வீணையைப் போன்றதே. ஸ்டெப்பர் மோட்டார் சுற்றுக்கு 200 படிகள் நகரும்; ஒவ்வொன்றையும் பதினாறாகப் பகுத்து, சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் திருகில் பூட்டினால் மில்லிமீட்டருக்கு 400 படிகள். 100 மி.மீ. நகரச் சொல்லி 99.5 மட்டுமே நகர்ந்தால், 400ஐ 402 ஆக்கவேண்டும். அடுத்து, வெட்டிய சதுரத்தின் இரு மூலைவிட்டங்களும் சமமா என்று அளக்கவேண்டும். கதவுநிலைக்கு நம் தச்சர்கள் செய்யும் சோதனைதான். கடைசியாக, திசைமாறும்போது திருகில் தோன்றும் தளர்வைக் களையவேண்டும்.

இவ்வளவும் செய்தபின், பலாக்கட்டையில் குடத்தைக் குடையும் கடும் உழைப்பை எந்திரத்திடம் ஒப்படைப்பதில் வருந்த ஒன்றுமில்லை என்றே கருதுகிறோம். மெட்டுகளுக்கான பள்ளங்களையும் மரத்திலேயே வெட்டிவிடலாமே என்ற ஆசை எழும் இடத்தில்தான் நிற்கவேண்டும். எந்திரத்தின் எண்களை மீண்டும் மீண்டும் திருத்தலாம். வெட்டுண்ட மரத்தைத் திருத்த இயலாது. மெழுகோ திருத்தத்துக்கு இடம்தருகிறது. உடலைச் செதுக்க ஆயிரம் எந்திரங்கள் வரலாம். மேளம் கட்டும் செவி அடுத்த தலைமுறைக்குக் கைமாறவில்லையெனில் அவை ஈன்றெடுப்பவை அழகிய மரப்பொருள்களாகவே இருக்கும்.