பழைய கம்ப்யூட்டருக்கும் இடம் விட்ட விளையாட்டு

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது படியுங்கள்.

கேம் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிற மாதிரிதான் கேம் செய்யணுமா? எங்க கையைக் கட்டிப் போடுகிறதே?" கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவனிடம் கேட்டால் பழங்கதைதான் பதிலாக வரும்.

அமெரிக்காவில் ஐடி சாஃப்ட்வேர் என்றொரு சின்ன நிறுவனம். 1992 மே மாதம் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' வெளியிட்டார்கள். 286 கம்ப்யூட்டரிலேயே ஓடியது. எல்லாச் சுவரும் ஒரே உயரம், மூலைகள் செங்கோணம், தரைக்கு ஒரே நிறம். கணக்கு குறைவு, அதனால் வேகம்.

1993 டிசம்பரில் 'டூம்'. படிக்கட்டு, கோணல் சுவர், இருட்டு வெளிச்சம் எல்லாம் வந்துவிட்டன. 16 பிட் 286 இதற்குத் தாங்காது என்று அதை விட்டுவிட்டார்கள். 386ம் 4 எம்பி நினைவகமும் வேண்டும். அது சரியான முடிவு என்பேன். படிக்கட்டே இல்லாமல் டூம் ஏது?

ஆனால் 386 வைத்திருந்தவனை அவர்கள் வாசலில் நிறுத்தவில்லை. ஒரு கீயைத் தட்டித் தட்டிப் படத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். துல்லியத்தைப் பாதியாக்கவும் வழி வைத்தார்கள். 486காரர் பெரிய படத்தில் ஆடுவார், இவன் தபால்தலை மாதிரிப் படத்தில் ஆடுவான். பேய்கள் அதே பேய்கள், வழியும் அதே வழி. எதைக் குறைத்துக்கொள்வது என்பதை ஆடுபவனிடமே விட்டார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. முதல் பகுதி இலவசம் வேறு. ஃபிளாப்பியில் கை மாறி கை மாறிப் போனது.

1996இல் 'குவேக்'. முழு முப்பரிமாணம். பெண்டியத்தின் தசமக் கணக்கு வேகத்தை நம்பி எழுதியது. 486இல் நகரவே சிரமப்பட்டது. பாவம், சைரிக்ஸ் நிறுவனத்தின் 6x86 சிப் மற்ற வேலைகளில் கெட்டிக்காரன், தசமக் கணக்கில் மட்டும் மந்தம். அதை வாங்கியவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

தம்பி, உன் கேமின் உயிர் எதில் இருக்கிறதோ அதற்குப் புது மெஷின் வேண்டுமென்றால் கேள், தப்பில்லை. நிழலுக்கும் புல்லுக்கும் தண்ணீர்ப் பளபளப்புக்கும் கேட்காதே. அவற்றை அணைக்க ஒரு பொத்தான் வை. 2011 முதல் நம் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அதில் ஆடுகிற பிள்ளையும் உன் ரசிகன்தான்.

உங்களில் யார் வீட்டில் 386, 486 இருந்தது? அதில் என்ன ஆடினீர்கள்? கீழே எழுதுங்கள்.