நிலவறையிற் கிடந்த ஊமைப்படம்



பிறநாடு சென்று குடியேறினார்தம் வரலாற்றை அரசாங்க ஏடுகளில் மட்டும் தேடுவோர் அதன் ஒரு பாதியையே காண்பர். மறுபாதி வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும். அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு சீனக் குடும்பத்தின் செய்தியை இதன்பொருட்டு ஈண்டு வரைகின்றோம்.

1882இல் அமெரிக்க அரசாங்கத்தார், சீனத் தொழிலாளர் தம் நாட்டிற் புகாவண்ணம் ஒரு சட்டம் செய்தனர். முன்னரே வந்து தங்கியோர்க்கும் குடியுரிமை மறுத்தனர். அச்சட்டம் 1943 வரை நீங்கவில்லை. அந்நாளைய படங்களோ சீனரை அபினியுண்பாராகவும் வஞ்சகராகவுமே பெரும்பாலும் காட்டின. சீனர் வேடத்தையும் பலவிடத்து வெள்ளையரே புனைந்தனர்.

இந்நிலையிற்றான் கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரில் மாரியன் வாங் என்னும் இளம்பெண் 1916இல் மாண்டரின் பிலிம் கம்பெனியை நிறுவி, 'குவான் குவோனின் சாபம்' என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். கதை வரைந்தவரும், இயக்கியவரும், கொடியவள் வேடம் பூண்டவரும் அவரே. தலைவியாக நடித்தவர் அவர்தம் உடன்பிறந்தான் மனைவி வயலெட் வாங், அன்னையாரும் நடித்தார். குடும்பமே கம்பெனியாயிற்று என்னலாம். மேனாட்டு நாகரிகத்தின் சார்பு பற்றித் தெய்வக்கோபம் ஒரு சீனக் குடும்பத்தைத் தொடர்வதே கதை. மணமகள் பழைய முறையில் மணவுடையும் தலையணியும் பூண்கின்றாள். பின்னர் அவ்வீட்டினின்றே துரத்தவும் படுகின்றாள். ஈரிடத்தும் முற்றும் பொருந்தாத ஒரு பெண்ணின் நிலையை அவ்வீட்டுப் பெண்களே நடித்தமையால், இதனை வெறுங் கற்பனையென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

படத்தை வாங்கி ஊரெங்குங் காட்டுவார் எவரும் வந்திலர். பொருள் போயிற்று. மாரியன் வேறொரு படமும் எடுத்திலர். இதனைப் பற்றிப் பேசவேண்டாவென்று வீட்டாரையும் தடுத்துவிட்டனர். விலை போகாமை ஒரு குற்றமோ? நாம் அவ்வாறு கருதோம். சுருள்கள் நிலவறையிற் கிடந்தன. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. தானே நைந்து பொடியாவதும் உண்டு. ஏறக்குறைய அதே காலத்திற் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' நமக்கு எஞ்சவில்லை என்பதை ஈண்டு நினைவுகூர்க.

1969இல், முதியவரான வயலெட் அம்மையார் தம் பேரனிடம் அச்சுருள்களைப் பற்றிக் கூறி, ஆவன செய்யுமாறு பணித்தனர். பல்லாண்டு கழித்து, அமெரிக்கச் சீனர்தம் திரைப்பட வரலாற்றை ஆராய்ந்த ஆர்தர் டாங் என்பார் அக்குடும்பத்தின் வாயிலாக அவற்றைக் கண்டு வெளிக்கொணர்ந்தார். 2006இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது.

எஞ்சியவை இரண்டு மூலச் சுருள்களும், ஒரு 16 மில்லிமீட்டர்ப் பிரதியுமே. உரையாடலை எழுதிக் காட்டும் பலகைகள் அகப்படவில்லை. ஆதலின், அம்மகளிர் உதடசைத்துப் பேசுதலை இன்று காண்கின்றோம். என்ன பேசினர் என்பதை அறியோம்.