98 ஒரு நேர்மையான நம்பர்: ஸ்காண்டிநேவிய சைஸ் டேக்கின் கதை

போன குளிர்காலத்துல ஆபீஸ் வேலையா மூணு மாசம் ஸ்டாக்ஹோம்ல இருந்தேன். கிளம்பும்போது அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "பாப்பாவுக்கு நல்ல டிரெஸ்ஸா பாத்து வாங்கிட்டு வா."

பாப்பாவுக்கு அப்போ நாலு வயசு. இங்க "3-4 வயசு"ன்னு டேக் போட்ட சட்டை எல்லாம் அவளுக்குத் தொளதொளன்னுதான் இருக்கும். வளர்ச்சி சரியா இருக்குன்னு டாக்டர் சொல்லியாச்சு. ஆனாலும் ஒவ்வொரு தடவை துணிக்கடைக்குப் போயிட்டு வரும்போதும் அக்கா முகம் வாடிப் போயிடும். "வயசுக்கு ஏத்த வளர்த்தி இல்லையோ?"

ஸ்டாக்ஹோம்ல நான் போன கடையில டேக்ல வயசே இல்ல. 92, 98, 104, 110. முதல்ல ஏதோ மாடல் நம்பர்னு நினைச்சேன். கடையில இருந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "குழந்தை எவ்வளவு உயரம்?" உடனே அக்காவுக்கு வாட்ஸ்அப். "சுவத்துல நிக்க வெச்சு அளந்து சொல்லு." 97 சென்டிமீட்டர். அப்போ 98 எடுங்கன்னு சொல்லிட்டாங்க. கோடு போட்ட டி-ஷர்ட், ஒரு பேன்ட். ஊருக்கு வந்து போட்டுப் பாத்தா, கச்சிதம்.

அதே நாள் மாலை எனக்கும் ஒரு டிரெஸ் பாத்தேன். 38 ஏறவே இல்ல. 40 பிடிச்சுது. 42-தான் சரியா இருந்துச்சு. எப்பவும் எம் சைஸ் போடுற எனக்கு 42-ஐப் பாத்ததும் மனசு சுருங்கிடுச்சு. பக்கத்துக் கடையில ஒரு கோட்டு: எம் போட்டா மிதக்குது, எஸ் நல்லா இருக்கு. இப்போ சந்தோஷம்! ஒரே உடம்பு, ஒரு மணி நேரம், ரெண்டு உணர்ச்சி. இது ஏதோ பக் மாதிரி இருக்கேன்னு ரூமுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல்தான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. அந்த நாடுகள்ல துணியை முழத்துல அளந்த காலம் ஒண்ணு உண்டு. அவங்க முழத்துக்குப் பேரு ஆல்ன். ஸ்வீடன் ஆல்ன் சுமார் 59.4 செ.மீ. டென்மார்க்ல அதே பேருல இருந்த அளவு சுமார் 62.8 செ.மீ. கடலைத் தாண்டினா அதே 'ஒரு முழம்' மூணு சென்டிமீட்டருக்கு மேல நீளும்! 1875-இல் பாரிஸில் 17 நாடுகள் மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றும் அதில் இருந்தன. ஸ்வீடன் அடுத்த ஆண்டே சட்டம் போட்டது. டென்மார்க் மெதுவா, 1907-இல் சட்டம் கொண்டு வந்தது.

அளக்குற கோல் ஒண்ணாயிடுச்சு. ஆனா ரெடிமேட் துணி இன்னொரு சிக்கலைக் கொண்டு வந்துச்சு. டெய்லர்கிட்ட நாம அளவு ஜாக்கெட் கொடுப்போம். அவர் கையில இருக்கிறது நம்ம உடம்போட அளவு. ஃபேக்டரிக்கு நம்ம முகமே தெரியாது. அதனால லட்சக்கணக்கான உடம்புகளைப் பத்துப் பன்னிரண்டு பெட்டிக்குள்ள அடைக்கணும், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பேரு வெக்கணும். சைஸ்ங்கிறது அந்தப் பெட்டியோட பேருதான்.

குழந்தைகளுக்கு வட ஐரோப்பா வெச்ச பேரு ரொம்ப எளிமை: உயரம் எத்தனை சென்டிமீட்டரோ அதுவே சைஸ். நார்டிக் நாடுகள்ல இதுக்கு 'சென்டிலாங்'னு பேரு. பிறந்த குழந்தைக்கு 50, அப்புறம் 56, 62, 68ன்னு ஆறு ஆறா ஏறும். 98ன்னா சுமார் 98 செ.மீ. வரைக்கும் உயரமுள்ள குழந்தைக்கு. அவளுக்கு மூணு வயசா அஞ்சு வயசான்னு டேக் கேக்காது. "வயசுக்கு ஏத்த மாதிரி இல்ல"ன்னு தீர்ப்பும் சொல்லாது. அக்காவை வருத்தப்படுத்தினது பாப்பாவோட உயரம் இல்ல, டேக்ல இருந்த 'வயசு'ங்கிற வார்த்தை.

பெரியவங்க சைஸ் இவ்வளவு வெளிப்படையா இல்ல. அங்க நம்பருக்குள்ள ஒரு ஃபார்முலா ஒளிஞ்சிருக்கு. ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவியாவிலும் பெண்கள் சைஸுக்கான கணக்கு இது: மார்புச் சுற்றளவைப் பாதியாக்கு, அதுல 6-ஐக் கழி. 88 செ.மீ.க்குப் பாதி 44, ஆறு போனா 38. ஆண்களுக்குப் பாதியோட நிறுத்திடுவாங்க, கழித்தல் கிடையாது. அதனால அதே 100 செ.மீ. மார்புச் சுற்றளவு ஆண்கள் பக்கம் 50, பெண்கள் பக்கம் 44. ஜெர்மன் முறையில இன்னும் ஒரு வேடிக்கை: 38 போடுற பொண்ணு குள்ளமா இருந்தா நம்பரைப் பாதியாக்கி 19, நெட்டையா இருந்தா இரட்டிப்பாக்கி 76. பிரான்ஸுக்குப் போனா அந்த 38, 40 ஆயிடும். பிரிட்டன்ல பொதுவா 12.

இப்போ என்னோட 42-ஐப் பாருங்க. 42-ஓட ஆறைக் கூட்டி இரட்டிப்பாக்கினா 96 செ.மீ. இன்ச் டேப் எடுத்து அளந்தேன், 95. அந்த டேக் என்னைப் பத்தி எந்தக் கருத்தும் சொல்லல. ஒரு ஃபங்ஷன் தன்னோட அவுட்புட்டைக் கொடுத்துச்சு, அவ்வளவுதான். அதைப் பாத்து நான் ஏன் அழுகிற நிலைமைக்குப் போனேன்?

ஏன்னா பெட்டிக்குப் பேரு வெக்கிறவங்க அதை மாத்தவும் முடியும். நமக்கு அது தெரியறதில்ல. அமெரிக்காவுல 1939-40-இல் அரசாங்கமே கிட்டத்தட்ட 15,000 பெண்களை அளந்து பாத்துச்சு. ஒவ்வொருத்தருக்கும் 50-க்கும் மேற்பட்ட அளவுகள். ஆனா வெள்ளையினப் பெண்களோட அளவுகளை மட்டும்தான் கணக்குல எடுத்தாங்க. அதை வெச்சு 1958-இல் ஒரு தரநிலை வந்துச்சு. கடைகள் ஒழுங்கா பின்பற்றல. 1983-இல் அதை வாபஸ் வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்கவங்க இஷ்டம்.

ஸ்வீடன் கம்பெனி எச் அண்ட் எம் கதையும் இதுக்கு நல்ல உதாரணம். 1947-இல் எர்லிங் பெர்ஷன் வெஸ்டெரோஸ் நகரத்துல பெண்கள் துணிக்கடையாத் தொடங்கினார். பேரு ஹென்னஸ். ஸ்வீடிஷ்ல 'அவளுடைய'ன்னு அர்த்தம். 1968-இல் மௌரிட்ஸ் விட்ஃபோர்ஸ் என்ற வேட்டை உடைக் கடையை வாங்கி 'ஹென்னஸ் அண்ட் மௌரிட்ஸ்' ஆனது. 2018-இல் பிரிட்டன்ல தன்னோட பெண்கள் சைஸை மாத்தப் போறதா அறிவிச்சுது: முன்னாடி 12-ன்னு வித்த அளவு, இனிமே 10. வாங்குறவங்க உடம்பு ஒரு மில்லிமீட்டர்கூட மாறல. டேக் மட்டும் மாறிச்சு.

ஐரோப்பாவும் சும்மா இருக்கல. 2001-லிருந்து ஈ.என் 13402-ங்கிற தரநிலை பகுதி பகுதியா வந்துச்சு. ஒரு சின்ன மனுஷ உருவம் வரைஞ்சு, பக்கத்துல சென்டிமீட்டர்ல உடல் அளவை நேரடியா எழுதுங்கன்னு அது சொல்லுது. அதாவது, குழந்தைங்களுக்குக் கிடைச்ச நேர்மையைப் பெரியவங்களுக்கும் கொடுங்கன்னு. ஆனா கட்டாயம் இல்ல. அதனால பழைய நம்பர்கள் இன்னும் ஓடிட்டு இருக்கு.

சரி, அந்தக் கோட்டு? எஸ் ஏன் சரியா இருந்துச்சு? அங்கதான் 'ஃபிட்' வருது. 1960-கள்லயே வட ஐரோப்பிய டிசைனர்கள் உடம்பைப் பிடிக்காத, நேர்வெட்டுத் துணிகளைக் கொண்டு வந்தாங்க. பின்லாந்து ஸ்காண்டிநேவியாவுக்குள்ள வராது, நார்டிக் நாடு. ஆனா அங்க 1951-இல் தொடங்கின மரிமெக்கோவோட தளர்வான பருத்தி உடைகளுக்கு இதுல பெரிய பங்கு உண்டு. ஸ்வீடன்ல 1966-இல் மூணு பெண்கள் சேர்ந்து ஆரம்பிச்ச மா-ஜாங், ஜெர்சி துணியில வசதியா அசையுற மாதிரி உடைகள் செஞ்சுது. அந்தத் தளர்வு இன்னைக்கும் அந்த ஸ்டைலோட அடையாளம். கோட்டுன்னா உள்ள ஸ்வெட்டர் போடவும் இடம் விட்டிருப்பாங்க. 88 செ.மீ. உடம்புக்கான கோட்டை அளந்தா 110 இருக்கலாம். நான் மெல்லிசான டி-ஷர்ட் மேல போட்டுப் பாத்துட்டு "நான் எஸ் ஆயிட்டேன்"னு குதிச்சேன். அந்தச் சந்தோஷமும் அந்த 42 வருத்தம் மாதிரியே காரணமில்லாததுதான்.

ஆன்லைன்ல இந்த மாதிரி துணி வாங்குறவங்களுக்கு நான் இப்போ செய்யறதைச் சொல்றேன். மார்பு, இடுப்பு, ஹிப் மூணையும் சென்டிமீட்டர்ல அளந்து போன்ல வெச்சுக்கோங்க. சைஸ் சார்ட்ல இருக்கிறது உடம்போட அளவா, துணியோட அளவான்னு முதல்ல பாருங்க. ரெண்டும் வேற வேற. 'ஓவர்சைஸ்டு'ன்னு போட்டிருந்தா தளர்வை ஏற்கெனவே சேத்துட்டாங்கன்னு அர்த்தம். சின்ன சைஸ் எடுத்தா அகலம் மட்டும் குறையாது, கையும் நீளமும் சேர்ந்து சுருங்கும்.

அக்கா இப்போ பாப்பா உயரத்தைச் சுவத்துல பென்சிலால குறிச்சு வெக்கிறா. வயசைப் பத்திப் பேச்சே காணோம். போன வாரம் மெசேஜ் வந்துச்சு: "102 ஆயிடுச்சு. அடுத்த தடவை போனா 104 வாங்கிட்டு வா."

உங்க டேக் கதைகளையும் அனுப்புங்க மக்களே. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.