மெடிகேர் பிரீமியம்

அமெரிக்காவில் 65 வயது நிறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். அதில் சேர்ந்தவர்கள் மாதந்தோறும் செலுத்தும் தொகை மெடிகேர் பிரீமியம். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான ஏ பிரிவுக்குப் பெரும்பாலோர் எதுவும் கட்டுவதில்லை. வேலை பார்த்த காலத்தில் சம்பளத்தில் பிடித்த வரியே போதும். டாக்டர் கட்டணம், பரிசோதனைகள், புறநோயாளி சிகிச்சை ஆகியவை அடங்கிய பி பிரிவுக்குத்தான் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். 2026-இல் அதன் அடிப்படைத் தொகை 202.90 டாலர். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குபவருக்கு அது பிடித்தம் போகத்தான் மீதி கைக்கு வரும். ஓய்வூதியம் இன்னும் வாங்கத் தொடங்காதவருக்கு வீட்டுக்கு பில் வரும். பணம் போகும் வழிதான் வேறு என்று தோன்றும். ஆனால் சில ஆண்டுகளில் ஒருவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையே இந்த வழிதான் தீர்மானித்திருக்கிறது.

பிரீமியம் என்ற ஏற்பாடு ஓர் அரசியல் சமரசத்தில் பிறந்தது. 1965-இல் ஜனநாயகக் கட்சியினர் கொண்டுவந்த மசோதா மருத்துவமனைச் செலவோடு நின்றது. குடியரசுக் கட்சியின் ஜான் பைர்ன்ஸ், விரும்பியவர் பணம் கட்டிச் சேரலாம், டாக்டர் கட்டணமும் கிடைக்கும் என்ற மாற்றுத் திட்டத்தை வைத்தார். பிரதிநிதிகள் சபையின் வரிக்குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் எதிர்த்திட்டத்தைத் தள்ளவில்லை. இரண்டையும் இணைத்து, ஏழைகளுக்கான மெடிகெய்டையும் சேர்த்து ஒரே சட்டமாக்கினார். முதல் திட்டம் ஏ பிரிவானது, இரண்டாவது பி பிரிவானது. 1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலம் இண்டிபெண்டன்ஸ் நகரில், முன்னாள் அதிபர் ட்ரூமனின் நூலகத்தில் லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் தேசிய மருத்துவக் காப்பீடு வேண்டுமென்று கேட்டுத் தோற்ற ட்ரூமனே முதல் உறுப்பினர்.

1966 ஜூலை 1 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தபோது பி பிரிவின் பிரீமியம் மாதம் 3 டாலர். அரசும் தன் பங்காக 3 டாலர் போட்டது. முதியவர் பாதி, அரசு பாதி என்பதே தொடக்க ஒப்பந்தம். அது நெடுநாள் நிற்கவில்லை. மருத்துவச் செலவு ஓய்வூதியத்தைவிட வேகமாக ஏறியது. பாதிச் செலவை முதியவர்கள் தலையில் வைத்தால் தாங்க மாட்டார்கள் என்று கண்டு, ஓய்வூதியம் உயரும் விகிதத்துக்கு மேல் பிரீமியம் உயரக் கூடாதென்று 1972-இல் சட்டம் திருத்தப்பட்டது. விளைவாக, 1980-களின் தொடக்கத்தில் உறுப்பினர்களின் பங்கு கால்வாசிக்கும் கீழே இறங்கியது. 1982-இல் நாடாளுமன்றம் அதைக் கால்வாசியில் தற்காலிகமாக நிறுத்தியது. 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. இன்றும் அடிப்படை பிரீமியம் என்பது, 65 வயது கடந்த ஒருவருக்கு பி பிரிவில் ஆகுமென்று மதிப்பிடும் செலவில் 25 விழுக்காடு. மிச்சம் பொது வரிப்பணத்திலிருந்து வருகிறது.

இடையில் 1988-இல் ஒரு பெரிய முயற்சி நடந்து, ஓராண்டிலேயே முறிந்தது. கடும் நோயால் வரும் பெருஞ்செலவுக்கு உச்சவரம்பு வைத்த சட்டம் அது. நோக்கம் நல்லது, ஆனால் முழுச் செலவையும் முதியவர்களிடமே வசூலிக்க முடிவானது. எல்லோருக்கும் மாதம் 4 டாலர் கூடுதல் பிரீமியம். வருமான வரி கட்டுபவர்களுக்கு அதன்மேல் ஆண்டுக்கு 800 டாலர் வரை மேல்வரி. மேல்வரி விழுந்தவர்களில் பலருக்கு, பழைய முதலாளி வழியாக அதே பாதுகாப்பு ஏற்கனவே இருந்தது. தம்மிடம் இருப்பதற்கு இன்னொரு முறை பணம் கட்டச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? 1989 ஆகஸ்டில் சிகாகோவில் முதியவர்கள் வரிக்குழுத் தலைவர் டான் ரோஸ்டன்கோவ்ஸ்கியின் காரைச் சூழ்ந்து மறித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதிலிருந்த ஒரு பிரிவு பிழைத்தது: மிக வறிய முதியவர்களின் பிரீமியத்தை மாநில அரசின் மெடிகெய்டு கட்ட வேண்டும் என்ற விதி. இரைச்சலில் யாரும் கவனிக்காத இந்த விதிதான் அந்தச் சட்டம் விட்டுச்சென்ற மிகப் பெரிய நன்மை.

ஓய்வூதியம் சற்றே உயர்ந்து பிரீமியம் வெகுவாக உயர்ந்தால், கைக்கு வரும் தொகை முந்தைய ஆண்டைவிடக் குறைந்துவிடும். அப்படிக் குறையக் கூடாதென்று ஒரு காப்பு விதி உண்டு. பிரீமியம் ஓய்வூதியத்தில் பிடித்தமாகிறவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பில் வந்து கட்டுபவர், புதிதாகச் சேர்ந்தவர், கூடுதல் வருமானத்துக்காக அதிகம் கட்டுபவர் ஆகியோருக்கு அந்தக் காப்பு இல்லை. விலைவாசிக்கேற்ற ஓய்வூதிய உயர்வு இல்லாத 2010-இல் பெரும்பாலோர் பழைய 96.40 டாலரிலேயே இருந்தார்கள், மற்றவர்கள் 110.50 டாலர் கட்டினார்கள். 2016-இல் நிலைமை மோசமானது. காப்பு பெற்றவர்கள் 104.90 டாலரில் நிற்க, வசூலாகாத பாக்கியும் மற்றவர்கள் மேல் விழுந்ததால் அவர்களுடைய பிரீமியம் 159.30 டாலருக்குப் போகுமென்று கணக்கிடப்பட்டது. நாடாளுமன்றம் கருவூலத்திலிருந்து கடன் கொடுத்து அதை 121.80 டாலரில் நிறுத்தியது. அதில் 3 டாலர் அந்தக் கடனின் மாதத் தவணை. ஒரே வயது, ஒரே சிகிச்சை, வெவ்வேறு விலை. பிடித்தமா பில்லா என்பதை வைத்து இப்படிப் பிரிப்பது நியாயமே அல்ல.

பில் வாங்குபவர்கள் பெருகியதற்கும் ஒரு சட்டமே காரணம். 1983-இல் முழு ஓய்வூதிய வயதை 65-லிருந்து படிப்படியாக 67-க்கு உயர்த்தினார்கள்; மெடிகேர் வயதைத் தொடவில்லை. முழு ஓய்வூதியத்துக்காகவோ, 70 வரை தள்ளிப்போட்டுக் கூடுதல் தொகை பெறவோ காத்திருப்பவர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் பிடிப்பதற்கு ஓய்வூதியமே இல்லை. எனவே பில்.

அந்தத் தாளைப் பார்த்திராதவர்கள் முதல்முறை திடுக்கிடுவது வழக்கம். பி பிரிவுக்கு மட்டும் கட்டுபவருக்கு மூன்று மாதத் தொகை ஒன்றாக, முன்கூட்டியே வரும்: 2026-இல் 608.70 டாலர். கெடு மாதத்தின் 25-ஆம் தேதி. கீழே கிழித்து அனுப்ப ஒரு சீட்டு இருக்கும். காசோலையில் மெடிகேர் எண்ணை எழுதி, சீட்டோடு செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வசூல் மையத்துக்கு அனுப்ப வேண்டும். இணையத்திலும் கட்டலாம், வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாக எடுத்துக்கொள்ளச் சொல்லியும் எழுதிக் கொடுக்கலாம். தாளின் மேற்புறம் ‘முதல் பில்’ என்றிருந்தால் கவலையில்லை. கட்டாவிட்டால் ‘இரண்டாம் பில்’ வரும். அடுத்தது பாக்கி எச்சரிக்கை. அதிலுள்ள முழுத்தொகையையும் கெடுவுக்குள் கட்டாவிட்டால் காப்பீடு போய்விடும். மறுபடி சேர ஜனவரி முதல் மார்ச் வரையிலான பதிவுக்காலம் வரை காத்திருக்க வேண்டும். சேராமல் கழித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 விழுக்காடு அபராதம் ஏறும். பி பிரிவில் இருக்கும்வரை, பெரும்பாலும் ஆயுள் முழுக்க, அது நீங்காது. மறதி நோய் தொடங்கும் வயதில் இருப்பவர்களுக்கு ஒரு கடித உறையைத் தவறவிட்டதற்கு இது மிகக் கடுமையான தண்டனை.

2007 முதல் அதிக வருமானம் உள்ளவர்கள் கூடுதலாகக் கட்டுகிறார்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு அது. 2026-இல் தனிநபர் ஆண்டு வருமானம் 1,09,000 டாலரைத் தாண்டினால் கூடுதல் தொடங்கும். உச்சப் படியில் மாதம் 689.90 டாலர். கணக்குக்கு எடுப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமான வரிப் படிவம். வேலையை விட்டவர், துணையை இழந்தவர் பழைய வருமானத்துக்குக் கட்ட நேர்வது இதனால்தான். அவர்கள் எஸ்எஸ்ஏ-44 படிவத்தைக் கொடுத்துக் குறைக்கச் சொல்லலாம்.

தனி மருந்து ஒன்றின் விலை அனைவரின் பிரீமியத்தையும் உயர்த்திய நிகழ்வும் உண்டு. அல்சைமர் நோய்க்கான அடுஹெல்ம் மருந்துக்கு பயோஜென் நிறுவனம் 2021-இல் ஆண்டுக்கு 56,000 டாலர் விலை வைத்தது. அது பரவலாகப் பயன்படக்கூடும் என்று அஞ்சி ஒதுக்கீடு செய்ததும் சேர்ந்து, 148.50 டாலராக இருந்த பிரீமியம் 2022-இல் 170.10 ஆனது. பின்னர் மருந்தின் விலை பாதியானது. ஆய்வுகளில் பங்கேற்போருக்கு மட்டுமே மெடிகேர் அதற்குப் பணம் தரும் என்றும் முடிவானது. மிஞ்சிய பணத்தால் 2023-இல் பிரீமியம் 164.90 டாலராகக் குறைந்தது.

பிள்ளைகளோடு வசிக்க அமெரிக்கா சென்ற தமிழ்ப் பெற்றோர் பலர் இந்தக் கணக்கில் தனி வகை. 65 வயதாகி, நிரந்தர வசிப்புரிமை அட்டையோடு ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்தபின் அவர்கள் மெடிகேரில் சேரலாம். ஆனால் தாமோ துணையோ அங்கே பத்தாண்டு அளவுக்கு வேலை பார்த்து வரி கட்டியிருந்தால்தான் ஏ பிரிவு இலவசம். இல்லாவிட்டால் அதற்கும் பிரீமியம் உண்டு. 2025-இல் அந்த முழுத்தொகை மாதம் 518 டாலர். பி பிரிவின் அந்த ஆண்டுத் தொகையான 185 டாலரையும் கூட்டினால் தலைக்கு 703. பிடித்தம் செய்ய ஓய்வூதியம் இல்லாததால் பில்தான். ஏ பிரிவுக்குக் கட்டுபவர்களுக்கு அது மாதாமாதம் வரும்.